‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 600க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அதைக் கேட்டு மாணவர்கள் மிரள வேண்டியதில்லை. நம்முடைய ‘ஓடு’ம் லேசுப்பட்டதல்ல: கடை ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. நிற்காமல் இயங்குவது என்ற கருத்துதான் இரண்டு சொற்களுக்கும் அடியில் கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பஸ் ‘ரன்’ ஆவதும், சளி பிடித்த மூக்கு ‘ரன்’ ஆவதும் தானாகப் புரியும்.

அப்படியானால் ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழில் தானே ஓடினால் ‘ஓடு’, இன்னொன்றை ஓடச் செய்தால் ‘ஓட்டு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். பின்னால் செயப்படுபொருள் வந்தால் பெரும்பாலும் ‘நடத்து’, ‘இயக்கு’ என்று கொள்ளலாம். அவர் பள்ளி நடத்துகிறார், அவ்வளவுதான். சர்க்கரை தீர்ந்துபோனால் சொல்லும் ‘ரன் அவுட் ஆஃப்’ போன்ற தொடர்கள் இதில் எளிதாக அடங்காது, ஒப்புக்கொள்கிறேன்; அவற்றை முழுத் தொடராகவே பழக வேண்டும். நாட்டுக்கு நாடு வழக்கும் மாறும்: தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள்; பிரிட்டனிலோ நம்மைப் போலவே ‘நிற்கிறார்கள்’.

ஆசிரியர்களே, பிள்ளைகளிடம் பொருள் பட்டியலை நீட்டாதீர்கள். பத்து வாக்கியங்களைக் கொடுங்கள்.