ஒரு மில்லிஆம்பியர் கணக்கு

எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்ஃபோனுக்கான ஆம்ப்ளிஃபயரில் வேலை பழகுகிறவர் முதலில் கற்பது, உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரத்தைக் காலி செய்வது. கையில் அடங்கும் பெட்டிதான், பேட்டரியில்தான் ஓடுகிறது. ஆனாலும் அதற்குள் ப்ளஸ் 200, மைனஸ் 200 என்று மொத்தம் 400 வோல்ட் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே போய்விடாது. அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் அதில் 0.8 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் பொறி பறக்கும், போர்டில் உள்ள தாமிரத் தடம் கருகும். நான் பழகிய முறை வேறு. 47 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் மாட்டி, கெபாசிட்டரின் இரு காலிலும் கவ்வவிட வேண்டும். இரண்டரை விநாடிக்குள் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். இருந்தாலும் பத்து விநாடி விட்டு, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போர்டில் விரல் படலாம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் வலது கை மட்டும் வேலை செய்யும், இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

இதையெல்லாம் நான் கற்றது ஜப்பானில், சைத்தாமா மாகாணத்தில். வேலை காரணமாக அங்கே குடியிருந்தபோது, ஒலிபரப்புக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் வாரக் கடைசிகளில் போய்ப் பழகினேன். அவரை சென்செய், அதாவது ஆசான், என்றே கூப்பிடுவேன். இந்தத் தொழில் பழக அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1938இல் தொடங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் எஸ்ஆர்-1 என்ற எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்ஃபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் இப்போது இருப்பது சைத்தாமாவின் ஃபுஜிமி நகரத்தில். அந்த வட்டாரத்தில் பழைய ஹெட்ஃபோன்களும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர்களும் கைமாறிக்கொண்டே இருக்கும். நான் வாங்கியதும் அப்படி வந்த ஒரு பழைய கையடக்க ஆம்ப்ளிஃபயர். அதை மேம்படுத்த வேண்டும் என்று சொல்லித்தான் சென்செய்யிடம் போய் நின்றேன்.

சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் சவ்வு விறைப்பாக நிற்கிறது. தகடுகளுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். சவ்வின் தடிமன் ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. சவ்வுக்கும் தகட்டுக்கும் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர். சவ்வின் மேல் 580 வோல்ட் நிலையாக நிற்கிறது. அதைத்தான் பயாஸ் என்கிறோம். பாட்டின் சமிக்ஞை இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போய், சவ்வை ஒன்று தள்ள மற்றது இழுக்கிறது. சவ்வின் முழுப்பரப்பும் ஒரே சமயத்தில் அசைவதால்தான் வீணையில் ஒரு மீட்டு எழுந்து அடங்குவது வரை தெளிவாகக் கேட்கிறது. அந்தத் தெளிவுக்கு விலை மின்னழுத்தம். காதில் 100 டெசிபெல் கேட்க ஏறத்தாழ 100 வோல்ட் சமிக்ஞை வேண்டும். சாதாரண ஹெட்ஃபோனுக்கு ஒரு வோல்ட்டே பெரும்பாலும் போதும்.

சென்செய் என்னைச் சாலிடரிங் அயர்னைத் தொடவிடுவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். ஹெட்ஃபோனும் அதன் கேபிளும் சேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஏறத்தாழ 110 பிக்கோஃபாரட் கெபாசிட்டராகத்தான் தெரியும். 10 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 145 கிலோஓம். அதற்கு 100 வோல்ட் கொடுத்தால் 0.69 மில்லிஆம்பியர் ஓடும், அலையின் உச்சியில் 0.98. அதிர்வெண் இரட்டித்தால் கரண்டும் இரட்டிக்கும். என் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் எப்போதும் ஓடும் கரண்டை அளந்தால் ஒரு மில்லிஆம்பியர் இருந்தது. அதாவது 10 கிலோஹெர்ட்ஸ் வரை 100 வோல்ட் முழுதாகக் கிடைக்கும், அதற்கு மேலே போகப் போகக் கரண்ட் போதாமல் அலை சாயும்.

“இதை வடிவமைத்தவர் ஏன் இரண்டு மில்லிஆம்பியர் வைக்கவில்லை?” என்று சென்செய் கேட்டார். பதிலும் அதே தாளில் இருந்தது. இரண்டு காது, காதுக்கு இரண்டு தகடு, ஆக நான்கு அவுட்புட். ஒவ்வொன்றிலும் 400 வோல்ட்டில் ஒரு மில்லிஆம்பியர் என்றால் மொத்தம் 1.6 வாட். மின்னழுத்தத்தை ஏற்றும் மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 2 வாட் போகும். 2500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்றில் 9 வாட்-மணிக்குச் சற்று மேலே இருக்கும். நான்கரை மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். கரண்டை இரட்டித்தால் நேரம் பாதியாகும், பெட்டி சுடும். இசையில் உச்ச அதிர்வெண்களின் பங்கு குறைவு என்பதால், ஒரு மில்லிஆம்பியரே பெரும்பாலான பாட்டுக்குப் போதும் என்று வடிவமைத்தவர் முடிவு செய்திருக்கிறார். போர்டில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் இப்படி ஒரு நெருக்கடிக்கான தீர்வு. அது எந்த நெருக்கடி என்று தெரியாமல் பாகத்தை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றினால் மேம்பாடு வராது. இந்த வேலையில் நான் கற்ற மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

அடுத்து பயாஸை அளக்கச் சொன்னார். மீட்டர் காட்டியது 395 வோல்ட். இருக்க வேண்டியது 580. பழசாகி பயாஸ் இறங்கிவிட்டது, ஏற்ற வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பயாஸ் சவ்வுக்குப் போவது 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக. தவறி யாராவது தொட்டாலும் 0.12 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. மீட்டரின் உள் மின்தடை 10 மெகாஓம். இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 580ஐ 14.7ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 395 வரும். ஆக பயாஸ் சரியாகவே இருந்தது, அளந்த முறைதான் அதை இறக்கிக் காட்டியது. 1000 மெகாஓம் உள்ள உயர் மின்னழுத்த புரோப் வைத்து அளந்தபோது 577 வந்தது. இது தெரியாமல் பயாஸை ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால் சவ்வு தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், பொறி பாய்ந்து துளை விழவும் கூடும்.

பிறகுதான் மாற்றும் வேலை தொடங்கியது. சென்செய் வகுத்த வரிசை பேட்டரியிலிருந்து காதை நோக்கிப் போவது.

முதலில் மின்னழுத்தத்தை ஏற்றும் மாற்றி. அது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி ஏற்றுகிறது. அந்த வெட்டு ப்ளஸ் 200, மைனஸ் 200 வோல்ட் வழிகளில், அதாவது ரெயில்களில், ரிப்பிள் என்னும் சிற்றலையாகப் படிகிறது. அது காதுக்கு எட்டாத அதிர்வெண்தானே என்று விட முடியாது. சுமை குறைவாக இருக்கும்போது சில மாற்றிகள் துடிப்புகளை விட்டுவிட்டு ஓடும், அப்போது இரைச்சல் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். மாற்றியின் உள்வழியில், அதன் காலுக்கு மிக அருகில், உள் மின்தடை குறைந்த கெபாசிட்டர் வைத்தோம். இரண்டு ரெயிலிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும் சேர்த்தோம். அந்த இணை 159 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் ரிப்பிளைத் தேய்க்கும். 100 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 630இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ரெயிலில் சில வோல்ட் போனது, அந்த இழப்பு தாங்கக்கூடியது. பாட்டு இல்லாத இடங்களில் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய சீற்றம் அதோடு நின்றது. எல்லா மாற்றங்களிலும் காதுக்கு அதிகமாகத் தெரிந்தது இதுதான்.

இரண்டாவது கரண்ட். அதை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரை 620 ஓமிலிருந்து 390 ஓமாக மாற்றினோம். அதன் குறுக்கே ஏறத்தாழ 0.6 வோல்ட் நிற்பதால் கரண்ட் 1.5 மில்லிஆம்பியராக உயர்ந்தது. பேட்டரி தாங்கும் நேரம் மூன்று மணியாகக் குறையும் என்பதைத் தெரிந்தே இந்த மாற்றத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் வெப்பம் 0.2 வாட்டிலிருந்து 0.3 ஆனது. மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தை அளந்த பிறகுதான் சென்செய் தலையசைத்தார். பேட்டரியோடு வரும் காப்புச் சுற்றில் மட்டும் கைவைக்க அவர் எப்போதும் விடமாட்டார். லித்தியம் செல் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

இந்தச் சோதனைகளில் ஹெட்ஃபோனை மாட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஆயிரம் வோல்ட் தாங்கும் சிறிய கெபாசிட்டர்களை, 110 பிக்கோஃபாரட் அளவுக்குச் சேர்த்து, சாக்கெட்டில் மாட்டுவோம். ஆஸிலாஸ்கோப்பில் பார்க்க 100க்கு 1 புரோப் வேண்டும். சாதாரண புரோப்பின் சொந்தக் கெபாசிட்டன்ஸ் சுமையோடு சேர்ந்துகொள்ளும். முன்பு 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் முக்கோணமாகச் சாய்ந்த அலை, இப்போது 15 வரை உருக்குலையாமல் நின்றது. தாளில் போட்ட கணக்கும் திரையில் வந்த அலையும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி பெரிது.

மூன்றாவது உள்வழி. ஒலியளவுத் திருகைக் குறைத்து வைத்தால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. சிறிய இரட்டைத் திருகுகளின் தொடக்கப் பகுதியில் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகாதது வழக்கமான குறை. திருகு 10 கிலோஓம் என்பதால் அதற்கு முன்னால் காதுக்கு ஒன்றாக இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் போட்டோம். சமிக்ஞை பாதியானது, அதே ஒலிக்குத் திருகை இன்னும் மேலே ஏற்றி வைக்க வேண்டி வந்தது. மேலே ஏறியதும் இரண்டு பாதிகளும் ஒத்துப்போயின. மொத்தச் செலவு சில யென்.

உள்வழி டிரான்சிஸ்டர்களுக்காக அகிஹபாரா போனோம். ரயில் பாதைக்கு அடியிலேயே ஒண்டியிருக்கும் ரேடியோ சென்டரின் சிறு கடைகளும், மாடி மாடியாக உயரும் ரேடியோ டிபார்ட்டும் பாகம் தேடுகிறவர்களின் ஊர். தோஷிபாவின் 2எஸ்கே170 உற்பத்தி நின்று போன டிரான்சிஸ்டர். அதனாலேயே போலிகள் பெருகிவிட்டன. பிஎல் வகை என்றால் கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துக் கட்டி 10 வோல்ட் கொடுக்கும்போது 6 முதல் 12 மில்லிஆம்பியருக்குள் ஓட வேண்டும். நம்பகமான கடையில் ஒரு கைப்பிடி வாங்கி வந்து ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்தேன். விரலால் பிடித்தால் உடல் சூட்டிலேயே அளவு நகரும். ட்வீசரால் செருகி, அளவு நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். ஜோடி நன்றாக அமைந்தால் பிறகு டிரிம்மரால் அவுட்புட்டுகளைச் சமன் செய்வது எளிது. இரண்டு தகடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும், தகடுகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் மாற்றி மாற்றிப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும் என்பதால் அவசரம் உதவாது.

சமிக்ஞை கடந்துபோகும் வழியில் இருக்கும் கப்ளிங் கெபாசிட்டரைக் கடைசியில்தான் தொட்டோம். இந்த வேலைக்கு வருகிற பலரும் தொடங்குவது அதில்தான். பழைய எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்து ஃபிலிம் வைத்தோம். மாற்றியதையும் மாற்றாததையும் ஒப்பிட, இரண்டின் ஒலியளவையும் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியில் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்தார் சென்செய். எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழைய எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துபோகும் என்பதால் மாற்றியது சரிதான். ஒலி மேம்பட்டது என்று மட்டும் என் குறிப்பேட்டில் எழுத அவர் விடவில்லை.

சாலிடர் முடிந்ததும் சுத்தம் செய்வதும் வேலையின் பகுதிதான். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொண்டு ஃப்ளக்ஸை முழுவதும் கழுவ வேண்டும். பயாஸ் வழியில் மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸ் 100 மெகாஓம் கசிவாக மாறினால்கூட 580 வோல்ட் 554 ஆகிவிடும். ஜூன் மாத மழைக்காலத்தில் ஜப்பானின் காற்று ஈரத்தால் கனத்திருக்கும். அழுக்குப் போர்டு அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவருக்கு என் வேண்டுகோள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். எதைப் பெற எதைக் கொடுக்கிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியாத மாற்றத்தைச் செய்யாதீர்கள். என் பெட்டி ஒன்றரை மணி நேர பேட்டரியைக் கொடுத்து 10 கிலோஹெர்ட்ஸை 15 ஆக்கிக்கொண்டது. அதை அறிந்து செய்தேன். மாற்றிய மதிப்புகள், தேதி, பழைய மதிப்புகள் மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டிய பிறகே சென்செய் திருகாணியைக் கையில் எடுப்பார். நாளை அதைத் திறக்கப் போகிறவருக்கு நாம் ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரிய வேண்டும். வடிவமைத்தவரின் ஒரு மில்லிஆம்பியர் ஏன் என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாட்டை அவரும் படக் கூடாது. நானும் இன்றுவரை அந்தத் தாள் இல்லாமல் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை.