புல்லட்டும் முழங்காலும்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். என் ஸ்தாவர ஜங்கமச் சொத்துக்களில் ஜங்கமம் என்று சொல்லத் தக்கது அது ஒன்றுதான். 1978-ம் வருஷத்துப் புல்லட். பென்ஷன் வாங்கிய ஓவர்சியர் ஒருவர் ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலைக்குத் தந்தார். அந்த வருஷம் தீபாவளிக்குப் பட்டுப் புடவை வரவில்லை என்பது வீட்டில் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

புல்லட்டுக்குப் பிறந்த வீடு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். 1955-ல் சென்னையில் கூட்டுக் கம்பெனி ஏற்பட்டது. முதலில் அங்கிருந்து பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் செய்யலானார்கள். 1970-ஐ ஒட்டிப் பிறந்த வீடு கதவைச் சாத்திவிட்டது; புகுந்த வீட்டிலோ வம்சம் பெருகிவிட்டது. நம் வீட்டு மாட்டுப்பெண்களில் இப்படிச் சிலரை நான் பார்த்திருக்கிறேன்.

அதைக் கிளப்புவது ஒரு சிறு பூஜை. சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெல்ல மெல்ல மிதிக்கவேண்டும். அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்று, பிறகு நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இடது கைப்பிடியின் கீழுள்ள சிறு நெம்புகோலை அழுத்தினால் சிலிண்டரில் அடைபட்ட காற்று 'புஸ்' என்று வெளியேறும். கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் இறக்கி, நெம்புகோலை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி! அதற்குப் பலம் வேண்டியதில்லை. பதற்றமில்லாமல் இருந்தால் போதும். என் தெருவில் தடியர்கள் பலர் உதைத்து உதைத்து வியர்த்திருக்கிறார்கள்.

தெருக்கோடியில் சத்தம் கேட்டதுமே என் சகதர்மிணி டிகாக்ஷனைச் சுட வைத்துவிடுவாள். பட்டுப் புடவைக்கு ஈடாக இதையாவது கணக்கில் வைக்கலாம்.

போன வருஷம் டாக்டர் என் வலது முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமேல் கிக் அடிக்கக் கூடாது, சார்" என்றார். செய்தி எப்படித்தான் பரவியதோ, வாரம் ஒருவர் விலை கேட்டு வந்தார். பழைய வண்டிக்கு இப்போது கிராக்கி. ஓவர்சியருக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு சொன்னார்கள். தொகையைக் கேட்டு நான் சற்று ஆடித்தான் போனேன்.

"விற்காதே அப்பா, எனக்குச் சொல்லிக் கொடு" என்றாள் பெண். நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். அவளுடைய ஸ்கூட்டருக்குக் கியரே கிடையாது. இதிலோ கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பத்து நாள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் காலை சமையலறையிலிருந்து, "அதுக்குள்ளே எங்கே கிளம்பிட்டேள்?" என்று குரல் வந்தது. நான் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

விலை கேட்டு வருகிறவர்களை இப்போது அவளிடமே பேசச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மட்டும் இன்னும் என் கணக்கில்தான்.