ஒரே பெட்டியில் எல்லாமா?

கனடாவில் இருக்கும் எனது மாமா சென்ற வருடம் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, அக்கா பாட்டுக் கேக்கிறதுக்கு ஒரு பெட்டி வாங்கி அனுப்பப்போறன். சீ.டி.யைப் போட்டால் அதுவே பிரதி எடுத்து வைச்சிருக்கும். ஒரே பெட்டிக்குள்ள எல்லாம் இருக்கு. எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. அப்பா யாழ்ப்பாணத்தில் சிறியதொரு ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலியும் கசற்றும் கேட்டோம். பெடலைச் சுற்றுவது எனது வேலை. நான் களைத்தால் பாடகரும் இழுத்து இழுத்துப் பாடுவார்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கடையில் இருந்த கசற்றுகள் யாவும் போயின. வடமராட்சியில் சித்தி வீட்டில் அப்பா கொடுத்து வைத்திருந்த ஒரு பெட்டி மட்டும் தப்பியது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சிச் சண்டையின்போது ஷெல் விழுந்து அப்பா இறந்தார். அந்தப் பெட்டியில் இருந்த ஒரு கசற்றின் ஆரம்பத்தில், வானொலி அறிவிப்பாளர் போல, "இது எங்கட வீட்டுக்காரி கேட்ட பாட்டுகள்" என்று அவர் சொல்கிறார். எங்களிடம் இருக்கும் அவரது குரல் அது ஒன்றுதான்.

ஆகவே மாமா கேட்டது சிறிய விடயமாக எனக்குத் தோன்றவில்லை.

பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் மத்தியில் நான் பணியாற்றுகிறேன். உதவியாகக் கொடுக்கப்பட்ட நீர்ப்பம்பி ஒன்று ஒரு வீட்டின் மூலையில் கிடந்தது. நல்ல பம்பிதான். ஆனால் கயிற்றை இழுத்து அதை இயக்க அந்தச் சகோதரிக்குத் தோள் இடங்கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட வேண்டும். கொடுத்தவர்கள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. நானும் அந்தத் தவறைச் செய்யக்கூடாதென்று முதலில் அம்மாவிடம் கேட்டேன்.

"நான் தனிய இருக்கேக்க ஆரையும் கூப்பிடாமல் போட்டுக் கேக்க ஏலுமோ?" அம்மாவின் கேள்வி அது ஒன்றுதான்.

பிறகு ஆராயத் தொடங்கினேன். இவ்வாறான பெட்டி ஐந்து வேலைகளைச் செய்ய வேண்டும். சீ.டி.யை வாசித்தல், சேமித்தல், பெயரிட்டு ஒழுங்குபடுத்தல், எண்களாக இருப்பதை ஒலி அலையாக மாற்றுதல், ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்குதல். "எல்லாம் ஒன்றில்" என்று சொல்லப்படும் பெட்டிகள் பலவற்றில் இவற்றில் ஏதாவதொன்று இருப்பதில்லை. புளூசவுண்ட் வால்ற் சீ.டி.யைப் பிரதி எடுத்துத் தனக்குள் சேமிக்கும். ஆனால் அம்பிளிபயர் வேறாக வேண்டும், பெரும்பாலும் கைத்தொலைபேசியால்தான் அதை இயக்க வேண்டும். நெய்ம் யுனிற்றி ஸ்ரார் என்பதில் சீ.டி. வாசிப்பானும் அம்பிளிபயரும் உண்டு. சேமிக்கும் டிஸ்க்கை நாம்தான் வெளியே இணைக்க வேண்டும். விலையும் மிக அதிகம். பிறென்னன் பி2 எளிமையானது. ஹார்ட் டிஸ்க்கும் சிறிய அம்பிளிபயரும் உள்ளேயே இருக்கின்றன. சுழற்றும் குமிழும் றிமோற்றும் உண்டு. கசற் பிளேயரை வயரால் இணைத்தும் பதியலாம்.

அம்மாவின் கேள்விக்குப் பிறென்னன் போதும் என்று தோன்றியது. எனக்கோ இன்னொரு கேள்வி இருந்தது. பெட்டி பழுதானால் உள்ளே இருப்பவை என்னவாகும்?

லொஜிரெக் நிறுவனம் ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற இசைக் கருவிகளைச் செய்து வந்து 2012இல் நிறுத்திவிட்டது. அவற்றுக்கான இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆயினும் அவற்றை இயக்கும் மென்பொருள் எவரும் இலவசமாகப் பாவிக்கக்கூடியதாக இருந்தபடியால், பலர் அக்கருவிகளை இன்றும் பாவிக்கின்றனர். நிறுவனம் போகலாம், நமது பொருள் நமது கையில் இருக்க வேண்டும். ஆகவே பாட்டுகள் ஃபிளாக் போன்ற பொதுவான வடிவத்தில் இருக்கின்றனவா, வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தால் சாதாரணக் கணினியிலும் கேட்குமா என்று பார்த்தேன். ஃபிளாக் ஒலியைக் குறைக்காமல் இடத்தை மட்டும் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைக்கும். 1 ரெராபைற் டிஸ்க்கில் 2,000 சீ.டி.களுக்கு மேல் அடங்கும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். "இடம்பெயரேக்க அடையாள அட்டை, உறுதி, நகை எல்லாத்தையும் நான் ஒரு பையுக்க வைச்சனானோ? உன்ர பையுக்க கொஞ்சம், தங்கச்சியின்ர பையுக்க கொஞ்சம். உந்தப் பெட்டிக்கும் அப்பிடித்தான்."

நான் பல நாள் தேடிக் கண்டது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. கேட்பதற்கு ஒரே பெட்டி வசதி. பாதுகாப்பதற்கு ஒரே பெட்டி ஆபத்து.

மாமா பிறென்னனை அனுப்பினார். மீதிப் பணத்தில் வெளி டிஸ்க் இரண்டும் ஒரு யூ.பி.எஸ்.உம் வாங்கினோம். திடீரென மின்சாரம் நின்றால் ஹார்ட் டிஸ்க் பழுதாகலாம். 2022இல் நாளாந்தம் பல மணிநேரம் இருளில் இருந்த எமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீ.டி.களுக்குச் சில நிமிடங்கள் போதும். கசற்றுக்கு அப்படியல்ல; 60 நிமிடக் கசற் பதிய 60 நிமிடமும் ஓட வேண்டும். பழைய நாடா சிக்கிக்கொள்ளும் என்பதால் பிளேயரின் தலையைத் துடைத்து, நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பதிந்தோம். அப்பா கசற்றுகளுக்கு இட்ட இலக்கங்களையே பெயராகக் கொடுத்தோம். அம்மாவுக்கு அந்த இலக்கங்கள் மனப்பாடம்.

அப்பாவின் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. பெட்டியில், அலுமாரியில், வவுனியாவில் தங்கச்சி வீட்டில். கசற்றையும் எறியவில்லை.

சகோதரிகளே, இவ்வாறான பெட்டி எல்லோராலும் வாங்கக்கூடியதல்ல. வாங்கவும் தேவையில்லை. உங்களிடம் ஒரு பழைய கசற் இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரல், இறந்த ஒருவரின் சிரிப்பு, கைத்தொலைபேசியில் இருக்கலாம். தொலைபேசி உடையும் முன் அதை இன்னுமொரு மெமரி காட்டில் பதிந்து, நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேட்டு, பிறகு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது படலையிலேயே அப்பாவின் குரல் கேட்டது. உள்ளே அம்மா தனியாக இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எவரையும் கூப்பிட்டிருக்கவில்லை.