பாய் இறங்கினாலும் பயணம் உண்டு

முப்பது நாற்பது ஆண்டுகள் பாய்மரப் படகிலேயே கடலைச் சுற்றிய ஒருவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை இழுத்தால் தோள் வலிக்கிறது. மழையிலும் வெயிலிலும் திறந்த தட்டில் உட்கார்ந்து சுக்கான் பிடிக்க உடம்பு இடம் கொடுப்பதில்லை. பிள்ளைகளோ, "போதும் அப்பா, படகை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள்" என்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட தம்பதியர் பலர் படகை விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டில் உட்காருவதில்லை. அந்தப் பணத்தில் பழைய 'ட்ராலர்' படகு ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் கடலுக்கே போய்விடுகிறார்கள்.

தோட்டத்துப் பள்ளி வாத்தியாருக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. என் அக்காள் மகன் பாசிர் கூடாங்கில் படகு கட்டும் தளம் ஒன்றில் தச்சு வேலை செய்கிறான் என்பது ஒன்று. மற்றொன்று என் தகப்பனார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ட்ராலர் என்றால் இழுவலை போட்டு மீன் பிடிக்கும் படகு. நம் கடலோரத்தில் 'புக்காட் துண்டா' என்பார்களே, அதுதான். அந்த மீன்பிடிப் படகின் உடல்வாகில், உள்ளே அடுப்படியும் படுக்கையும் வைத்துக் கட்டியதே உல்லாச ட்ராலர். மூடிய அறைக்குள் நின்று சுக்கான் பிடிக்கலாம். பாயும் இல்லை, பாய்க்கயிறும் இல்லை. டீசல் இயந்திரம் இழுத்துக்கொண்டு போகும்.

இந்தப் படகுகளின் கதையில் நம் பக்கத்து ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி என்பவர் பாய்மரத்தில் ஊறியவர். ஓய்வுக் காலத்தில் சின்னக் குடும்பமே ஓட்டிச் சமுத்திரத்தைக் கடக்கும்படி 50 அடி நீளத்தில் ஒரு இயந்திரப் படகை அவரே வரைந்தார். 'பாசேஜ்மேக்கர்' என்று பெயர். அதைக் கட்டியது சிங்கப்பூரில். 1963ஆம் ஆண்டு அங்கிருந்து புறப்பட்டு, இந்துமாக்கடலைக் கடந்து கிரேக்க நாடு வரை போனார். 1975இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். இன்றும் ட்ராலர்க்காரர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

'கிராண்ட் பேங்ஸ்' என்ற பெயர் பெற்ற ட்ராலர்களும் இப்படித்தான். ஹாங்காங்கில் தொடங்கிய அந்த நிறுவனம் 1960களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்தது. 1973இல் மர உடலை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறியது. பிறகு ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் தளம் அமைத்தது. அமெரிக்கக் கிழவர் ஒருவர் இன்று வாங்கும் ஐம்பது வயதுப் படகு, நம் பக்கத்துத் தொழிலாளி கையால் இழைத்ததாக இருக்கக்கூடும். அக்காள் மகன் சொல்வான்: "மாமா, நாங்க தேய்க்கிற தேக்குக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எந்த ஊருத் தாத்தா பாட்டியோ கடல்ல நடக்கப் போறாங்க."

சரி, வேகம் எப்படி? கணக்கு வாத்தியார் புத்தி விடுமா! தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம் 36 அடி என்றால், அதன் வர்க்கமூலம் 6. அதை 1.34ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8. மணிக்கு 8 கடல்மைல், அதாவது சுமார் 15 கிலோமீட்டர். நம் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கும் வேகம்தான். அதற்கு மேல் விரட்டினால் படகு தான் எழுப்பும் அலையின்மேல் தானே ஏற வேண்டிவரும், எண்ணெய்தான் வீணாகும். நிதானமாகப் போனால் 36 அடிப் படகுக்கு மணிக்கு 7, 8 லிட்டர் டீசல் போதும். பழைய ட்ராலர்கள் பலவற்றில் இருப்பது 120 குதிரைசக்தி 'ஃபோர்டு லேமன்' இயந்திரம். லாரிக்காகச் செய்த ஃபோர்டு இயந்திரத்தைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியது அது. எண்ணெயும் குளிர்நீரும் ஒழுங்காகப் பார்த்தால் பல்லாண்டு உழைக்கும்.

குறையும் உண்டு. பாய் காற்றைப் பிடித்துக்கொண்டு படகைச் சாய்த்து நிறுத்தும். பாய் இல்லாத ட்ராலர் பக்கவாட்டு அலையில் தொட்டிலாய் ஆடும். அதனால் இரு பக்கமும் கழி நீட்டி, தட்டு போன்ற கனத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவார்கள். மீனவர்களிடம் கற்ற வித்தை அது.

பழைய படகை வாங்கும் முறையைக் கேளுங்கள். வாங்குபவர் தன் செலவில் ஒரு பரிசோதகரை அமர்த்துவார். படகைக் கரையேற்றி, சிறு சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிப் பார்ப்பார் அவர். கணீர் என்றால் நலம். மொத்தென்றால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. தேக்குத் தட்டின் திருகாணித் துளைகள் வழியே நீர் கசிந்ததா, எண்ணெய்த் தொட்டி துருப்பிடித்ததா, எல்லாம் பார்ப்பார். இயந்திர எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, நம் இரத்தத்தைச் சோதிப்பதுபோல் சோதனைக்கு அனுப்புவதும் உண்டு. பிறகு கடலில் ஓட்டிப் பார்த்தே விலை பேசி முடிப்பார்கள். பழசு என்று ஒதுக்குவதும் இல்லை. பளபளப்பைக் கண்டு மயங்குவதும் இல்லை.

இப்போது என் தகப்பனாருக்கு வருகிறேன். வயது 74. சிறுவயது முதல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பின்னும், கம்பத்து மலாய்க்காரர் ஒருவரின் நிலத்தில் முந்நூறு மரம் பங்குக்கு வெட்டினார். முழங்கால் வீங்கியது. "நிறுத்துங்கள் அப்பா" என்றான் தம்பி. அவரோ, "கையில கத்தி இல்லாம விடிஞ்சா, எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லடா" என்றார். வீட்டில் ஒரு மாதம் சரியான பேச்சில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காள் மகன் ட்ராலர் கதையைச் சொன்னான். அதைக் கேட்டபின் நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். வெட்டுவதா நிறுத்துவதா என்பதை விட்டு, எது அவர் உடம்பை வாட்டுகிறது என்று பார்த்தோம். மேட்டு நிலம், ஏணி வைத்து வெட்டும் உயர மரங்கள், பால் வாளி சுமப்பது, இந்த மூன்றுதான். மேட்டையும் உயர மரங்களையும் விட்டோம். சமவெளியில் எண்பது மரம் வைத்துக்கொண்டார். பாலைக் கோப்பையிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக எடுப்பதால் தினமும் சுமக்க வேண்டியதில்லை. சேர்ந்ததைத் தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறான். வருமானம் குறைந்தது உண்மை. வீட்டில் பேச்சு திரும்பியது.

பரிசோதகர் வேண்டுமே! மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் வேண்டாம் என்றால் அன்றே கத்தியைக் கீழே வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பழுதான படகைப் பிடிவாதமாகக் கடலில் இறக்கக் கூடாது என்பதும் அதே பாடம்தானே.

நம் வீடுகளில் ஓய்வு என்றால் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுப்பது என்றே பழகிவிட்டோம். உழைத்த உடம்புக்கு ஓய்வு தேவைதான். ஆனால் எந்தச் சுமையை இறக்குவது, எதைக் கையில் விட்டுவைப்பது என்பதைப் பெரியவர்களிடமே கேட்டு முடிவு செய்வோம். பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.