மழைநீர் கேட்கும் செடி

பூச்சியைத் தின்னும் செடியொன்று வீட்டில் இருக்கிறது என்றால், காண வருவோர் முதலில் தம் விரலைத்தான் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றனர். பள்ளுருத்தியில் எங்கள் வாடகை வீட்டின் கிழக்குச் சாளரத்தில் தொங்கும் குடுவைச் செடியைக் கண்டு தயங்காதவர் சிலரே. உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தச் செடிதான். நாம் அன்பு மிகுந்து கொடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை அதற்கு நஞ்சு.

தாவர நூலார் நெப்பந்தஸ் என்று அழைக்கும் இவ்வகையில் இந்தியாவுக்கு உரிய இனம் ஒன்றே ஒன்று. மேகாலயாவின் காசி, காரோ மலைகளில் அது வளர்கிறது. காரோ மக்கள் அதனைப் பேயின் கூடை என்று பொருள்படும் பெயரால் குறிப்பர். காட்டிலிருந்து பெயர்த்தெடுத்து விற்றதும் அது அருகியதற்கு ஒரு காரணம்; இன்று பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதற் பட்டியலில் வைத்து அதைக் காக்கின்றனர். எங்களிடம் இருப்பது அதுவன்று. நாற்றுப்பண்ணையில் தண்டு நட்டு வளர்த்த கலப்பினம். வாங்க விழைவோர் இதனை மட்டும் கேட்டறிந்து வாங்குவார்களாக.

சத்தற்ற ஏழை நிலத்தில் வேருக்குத் தழைச்சத்து போதிய அளவு கிட்டுவதில்லை. அக்குறையை இலை ஈடுசெய்கிறது. இலையின் நுனி கொடியாக நீண்டு, முனை பருத்துக் குடுவையாகிறது; மேலே ஒரு மூடி, விளிம்பிலே தேன். விளிம்பு நனைந்திருந்தால் எறும்பின் கால் அதில் நிற்காது. வழுக்கி விழுந்ததை உள்ளிருக்கும் செரிமான நீர் கரைத்துவிடும். காசி இனத்தின் விளிம்பு புறஊதா ஒளியில் நீலமாய் ஒளிர்வதையும், அவ்வொளியை மறைத்தால் இரை வெகுவாகக் குறைவதையும் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரத் தோட்ட ஆய்வாளர் 2013இல் வெளியிட்டனர்.

கொசுவைத் தின்னுமா என்று கேளாத கொச்சிக்காரர் இலர். அதற்குக் கிட்டுவது பெரும்பாலும் எறும்பே. காட்டில் சிலவகைக் கொசுக்கள் குடுவை நீரிலேயே முட்டையிட்டுப் புழுக்களை வளர்க்கின்றன என்று படித்தபோது, கொசு இனத்தின் பெருமை எங்களுக்கு மேலும் விளங்கிற்று.

வளர்ப்பில் தலையாயது நீர். ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 50 மில்லிகிராமுக்குக் குறைவாய் இருத்தல் நலம் என்பர். எங்கள் ஊரின் நிலையோ கிழக்கே காயல், மேற்கே கடல். கிணற்று நீர் உவர்க்கும். குழாய்நீரும் அதற்கு ஏற்றதன்று. மழைநீரே உகந்தது. கூரையின் அழுக்கைக் கழுவிச் செல்லும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைக் குடங்களில் பிடித்துத் துணிகட்டி மூடி வைக்கிறோம். தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்து இட்டாலே வேருக்குப் போதும்; ஆனால் காயல் நீரில் ஊறிய மட்டையில் உப்பு ஏறியிருக்கும், ஆகையால் பலமுறை அலசியே இடவேண்டும். எரு கூடாது. தொட்டியின் அடியில் நீர் தேங்கவும் கூடாது. காலை வெயில் நன்று. இருளில் வைத்தால் இலை தழைக்கும், குடுவை வாராது. மின்விசிறிக்கு நேரே தொங்கவிட்டால் பிஞ்சிலேயே குடுவை காய்ந்துவிடும். மீன்துண்டையோ இறைச்சியையோ போட்டால் குடுவை அழுகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்குத் தனிக் காவல் வேண்டும்.

சென்ற தை மாதம் எங்கள் தாயார் அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். தந்தையார் மறைந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. கொல்லையில் முல்லையும் கொய்யாவும் வைத்திருந்தவருக்கு இங்கே கைப்பிடி மண் இல்லை. உணவு குறைந்தது, பேச்சு அதனினும் குறைந்தது. உயிரைக் கொல்லும் செடி வீட்டுக்கு ஆகாது என்பதுதான் அவர் வாய்திறந்து சொன்ன முதற் குறை. அடுத்தது, அரிசி கழுவிய நீரை ஊற்றப் போனபோது நாங்கள் தடுத்ததைப் பற்றியது.

"ஏன்யா, வளக்கிற செடிக்கு ஒருவாய் கழுநீர் ஊத்தக்கூடாதுன்னா இது என்ன வளப்பு?"

சித்த மருத்துவர்கள் பேசும் அழுகண்ணியும் இவ்வகைதான் என்று சொன்னோம். இலை மயிர்களில் கண்ணீர்போல் பசைத்துளி தாங்கிப் பூச்சியைப் பிடிப்பது அது. டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் செடிகள் பற்றிய நூலின் பெரும்பகுதி அதன் இனத்தானைப் பற்றியதே. டார்வின் அவருக்கு ஒரு பொருட்டல்லர். ஆனால் அழுகண்ணியின் பெயரை அவர் அறிந்திருந்தார். அண்டை வீட்டார் அத்தப்பூக்களத்தில் வைக்கும் நீலக் காக்கப்பூவும் மண்ணுக்குள் நுண்பைகள் வைத்துச் சிற்றுயிர்களை உறிஞ்சுவது என்றபோது, "பூவுமா?" என்று மட்டும் கேட்டார்.

சித்திரையில் மழைநீர் ஒரு குடத்துக்கு வந்துவிட்டது. குடத்தின் சாவி, அப்படியொன்று இருந்திருந்தால், தாயாரிடம்தான் இருந்திருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியலில், ஒரு தம்ளர். அதற்குமேல் எவரும் தொடலாகாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை மகன் வாங்கி வந்தான். தூய வடிநீராயின் தீங்கில்லை என்று எவ்வளவு எடுத்துரைத்தும், வண்டிக்கு ஊற்றுவதை உயிருக்கு ஊற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். குடுவைகள் ஒவ்வொன்றாய் விளிம்பிலிருந்து பழுத்தன. அது முதுமையால்தான், இலை பசுமையாக இருக்கும்வரை கவலையில்லை என்று அவருக்கு நாங்கள் சொன்னோம். சில நாள்களில் எங்களுக்கு அவர் சொன்னார்.

எடவப்பாதி மழை இறங்கிய மூன்றாம் வாரம் புதுக் குடுவையொன்றின் மூடி திறந்தது. முதலில் கண்டவர் தாயார்தாம். அன்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். கோப்புகளுக்கு நடுவே அவர் குரலை அவ்வளவு உரக்க நாங்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ஓணத்தின்போது தம்பி அழைத்தான்; ஊர் வீட்டைத் திறந்து வெள்ளையடித்துவிட்டதாகவும், அம்மா வரலாம் என்றும் சொன்னான். துலாமழையில் குடங்கள் நிறையட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் தாயார். இந்த ஐப்பசியில் ஐந்து குடங்களும் நிறைந்துவிட்டன. நேற்று ஆறாவது குடம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.