சாய்ந்த சுவரை நிமிர்த்துகிறவர்கள்

“இந்தச் சுவத்துல சிமென்ட் விளம்பரம் தெரியுதுங்களா? தெரியவே கூடாதுங்க” என்றார் வரைபடம் வரையும் பெண் ஒருவர், திரையைச் சுட்டிக்காட்டி. ஈரோட்டில் ஒரு மாடி அறை. ட்ரோன் எடுத்த படங்களை ஒட்டி நகர வரைபடம் தயாரிக்கும் சிறு நிறுவனம். நேர் மேலிருந்து பார்த்தால் கூரை மட்டுமே தெரிய வேண்டும். சுவர் தெரிகிறதென்றால் கட்டடம் படத்தில் சாய்ந்திருக்கிறது.

கேமரா தனக்கு நேர் கீழே இருப்பதை மட்டும்தான் உள்ளபடி காட்டும். விலகி நிற்கும் கட்டடத்தின் உச்சி வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரியும். ட்ரோன் 120 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது, அதன் நேர் கீழ்ப்புள்ளியிலிருந்து 60 மீட்டர் தள்ளி 9 மீட்டர் உயர வீடு ஒன்று இருந்தால், அதன் கூரை ஏறத்தாழ 5 மீட்டர் நகர்ந்து விழும். நெருக்கமான தெருவில் அது பக்கத்து வீட்டுக்காரரின் மனை. வரியும் பட்டாவும் வரைபடத்தைப் பார்த்து முடிவாகும் காலத்தில் இதைச் சின்னப் பிழை என்று தள்ள என்னால் முடியவில்லை.

அவர் பயன்படுத்துவது ஓப்பன்ட்ரோன்மேப் என்ற திறமூல மென்பொருள். அமெரிக்காவில் ஸ்டீபன் மேதர் தொடங்கியது. ஒரே கூரை முனை பல படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பொருத்திப் பார்த்து, மென்பொருள் அதன் உயரத்தைக் கணக்கிடுகிறது. இப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளைக் கொண்டு கூரைகளையும் சேர்த்த ஒரு மேற்பரப்பை உருவாக்கி, அதன்மேல் படங்களைப் போர்த்தி, செங்குத்தாகப் பார்த்த தோற்றத்தை எழுதித் தருகிறது. வெறும் தரையின் உயரத்தை மட்டும் வைத்துத் திருத்தினால் சாலைகள் சரியாக வரும். கட்டடங்கள் சாய்ந்தே கிடக்கும்.

சிக்கல் சந்துகளில். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. திரையில் அது சேறு பூசியதுபோல் கலங்கிக் கிடந்தது. எந்தப் படத்திலும் பதியாத தரையை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. அவர் அந்த இடத்தைத் தொட்ட மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எதிலுமே சந்தின் தரை இல்லை.

“தம்பி, இங்க ஓவர்லேப் பத்தலை. குறுக்கால ஒரு தடவை பறக்க விடு.”

“பேட்டரி செலவு எகிறும்க்கா.”

“எகிறட்டும். இல்லாத சந்தை நான் எப்படி வரையறது?”

ட்ரோன் ஓட்டும் அந்தத் தம்பி நெடுக்கும் குறுக்குமாகப் பாதையைத் திருத்தி, படங்கள் 80 சதவீதத்துக்கு மேல் ஒன்றையொன்று மூடும்படி வைத்தார். என் பார்வையில் சாய்வைத் திருத்துகிற வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. மறுபாதி மேற்பரப்பு வலையின் கண்ணளவைக் கூட்டிக் குறைப்பதில். வலைக்கண் பெரிதாக இருந்தால் கூரை விளிம்பு உருகி வழியும். மிகச் சிறிதாக்கினால் கணினி இரவெல்லாம் ஓடியும் நினைவகம் போதாமல் நின்றுபோகும். எந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதை நிரலைத் திறந்தே பார்த்துக் கற்றுக்கொண்டதாக அந்தப் பெண் சொன்னார். பெரிய உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத ஊரில் இருந்துகொண்டு ஒருவர் இவ்வளவு ஆழமாகத் தொழில் பழக முடிவதுதான் திறமூலத்தின் பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

நிமிர்த்திய பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. படத்தில் தெரிவது கூரையின் ஓரம். சுவர் அதற்கு உள்ளே இருக்கிறது. சன்ஷேடு, தாழ்வாரம், தகரக் கொட்டகை எல்லாம் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் தெருவுக்குச் சில வீடுகளில் டேப் பிடித்து, கூரை ஓரத்திலிருந்து சுவர் எவ்வளவு உள்ளே என்று குறித்து வருகிறார்கள். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் கட்டடக் கோட்டை உள்ளே இழுக்கிறார்.