அப்பாயியின் முதல் ஓட்டு

போன செமஸ்டர் டியூட்டோரியல் ஒன்றில் வந்த கேள்வி: பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் ஜனநாயகம் ஏன் ஓரளவாவது தப்பிப் பிழைத்தது? நான்தான் முதலில் கை தூக்கினேன். 1931இலேயே 21 வயது தாண்டிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை, ஆசியாவில் நாங்கள்தான் முன்னோடி, 1962இல் இராணுவச் சதிகூட இங்கே வெல்லவில்லை என்று ஒப்புவித்தேன். மேடமும் தலையாட்டினார்.

லீவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது அப்பாயியிடம் சும்மா கேட்டேன், முதல்ல எப்ப ஓட்டுப் போட்டீங்க என்று.

“எம்பத்தொம்பதுல. உங்கப்பனுக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் மொத ஓட்டு.”

அப்போது அவருக்கு 44 வயது. ஆனால் அவருடைய அப்பா 1947இலேயே ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை எடுத்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். பேர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வாக்கு வந்து, போய், 40 வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. நான் சொன்ன பதிலில் இதற்கு இடமே இல்லை.

“பறிச்சது நம்ம பாராளுமன்றம்தானே, அதுக்கு வெள்ளைக்காரன் என்ன செய்வான்?” என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் 1931இலேயே தோட்டத்து ஆட்களிடம் மட்டும் ‘நீ இங்கே நிரந்தரமா?’ என்ற கேள்வி தனியாகக் கேட்கப்பட்டது. கூலிக்குக் கூட்டி வந்தவர்களே கேட்ட கேள்வி அது. 1948இல் எங்கள் தலைவர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, கடைசிவரை இழுத்துக்கொண்டு போனார்கள். எந்த இனத்துக்கும் பாரபட்சமாகச் சட்டம் போடக்கூடாது என்று சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்ததுதான். அதைப் பிடித்துக்கொண்டு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை வழக்குப் போனது. இந்தச் சட்டங்கள் அந்தப் பிரிவை மீறவில்லை என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று.

அந்தப் பிரிவும் 1972 யாப்போடு இல்லாமல் போனது. ஆனால் 1947 ஜூனில், பொது வேலைநிறுத்தத்தின்போது கொண்டுவந்த பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் போகவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில்தான் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் செத்தார். 2022 ஏப்ரலில் அவசரகாலம் போட்டதும் அதே சட்டத்தை வைத்துத்தான். வெள்ளைக்காரன் விட்டுப் போனதில் எதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டை வர ஒரு நாள் பிந்தினாலும் அப்பாயி தோட்ட ஆபிஸ் வாசலில் போய் நிற்பார். வாக்களிப்பு அன்று விடியமுன்னமே குளித்து, நல்ல சேலை கட்டி, ஐடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவ்வளவு காலமும் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.